நடுவுல ஒரு சின்னப் பொட்டி

ஏறுங்க, ஏறுங்க. மழை உள்ள அடிக்குது, கதவ இழுத்துச் சாத்துங்க. அப்பிடி இல்லீங்க, இன்னுங் கொஞ்சம் வேகமா. பழைய காரு, மெதுவாச் சொன்னாக் கேக்காது. ஆங். அந்தக் கூடைய அக்கட்டத் தள்ளிட்டு நல்லா ஒக்காருங்க. எளநிதான், நகத்துனா ஒண்ணும் ஆவாது. கோயமுத்தூருங்களா? நானும் அங்கதான் போறன், சிங்காநல்லூரு. இந்த மழையில கோமங்கலத்துல எந்த பஸ்ஸுக்காரன் நிறுத்தப் போறான்? நீங்க கைய நீட்டுனதப் பாத்தன், நிறுத்திட்டன். ஒத்தையில போறதுக்குப் பேச்சுத் தொணையாச்சு.

பாட்டுக் கேப்பீங்கல்ல? கேளுங்க. தா, போட்டாச்சு. ஒஸ்ஸுனு எரையுதா? ரிப்பேருன்னு நெனச்சுக்காதீங்க. ஏறுறவிய அத்தன பேரும் அப்பிடித்தான் நெனச்சுக்கறாங்க. டிக்கியில தட்டு மாறுதுங்க. பொறுங்க, வரும். கொஞ்சம் பொறுங்க. வந்துச்சுங்களா? நாதஸ்வரம். சத்தம் எப்பிடி, சுத்தமா இருக்குதுங்களா? இது முன்னால இருக்கற செட்டுல இருந்து வர்ற பாட்டுன்னுதான நெனச்சீங்க? இல்லீங்க. பின்னால டிக்கியில ஒரு பொட்டி இருக்குது, சிடி சேஞ்சரு. ஆறு சிடி ஒண்ணா உள்ள போட்டுட்டா, ஒண்ணு முடிய ஒண்ணு அதுவா மாத்திக்கும். பாடறது பின்னால, கேக்கறது முன்னால. இத இப்பிடிப் பாட வெக்கறதுக்குள்ள நாம்பட்ட பாடு இருக்குதே, அத எங்கூட்டுக்காரியக் கேட்டாச் சொல்லுவா. இல்ல, அவளக் கேக்காதீங்க, அவ வேற மாதிரிச் சொல்லுவா. நானே சொல்றன்.

என்ற மச்சினன் பேரு நாச்சிமுத்து. எங்கூட்டுக்காரி கூடப் பொறந்தவன், ஒரே தம்பி. மஸ்கட்டுல வேலையா இருந்தானுங்க. ஒரு நா அங்கிருந்து ஃபோன் பண்ணி, “மச்சான், உங்க கார்ல இருக்கறது என்ன செட்டுங்க? பேரு நெம்பரெல்லாம் பாத்துச் சொல்லுங்க”ன்னான். எதுக்கு மாப்ளேன்னன். “சும்மாத்தானுங்க”ன்னான். நானும் கண்ணாடிய மாட்டிக்கிட்டுக் கார்க்குள்ள குனிஞ்சு ஒவ்வொரு எழுத்தாப் படிச்சுச் சொன்னன். அதோட அத மறந்தாச்சு.

பொறகு கொப்பரைக் கணக்குப் பாக்கக் கோயமுத்தூர் போனப்ப, ஒரு கடையில புதுச் செட்டு ஒண்ணு கண்ணாடிக்குள்ள மின்னுச்சுங்க. நீலக் கலர்ல வெளிச்சம். பாட்டுக்குத் தக்கன வெளிச்சம் ஏறுது, எறங்குது. நானும் மனுசந்தானுங்களே? நின்ன எடத்துலயே பழசக் கழட்டச் சொல்லிப் புதுச மாட்டிக்கிட்டு வந்துட்டன். பழசு எதுக்கு, சொமைன்னு கடைக்காரன்கிட்டயே குடுத்தாச்சு. இதுல ஏதாவது தப்பு இருக்குதுங்களா? என்ற காரு, என்ற செட்டு.

அடுத்து அவன் லீவுல வந்து எறங்கறான், பெரிய அட்டப் பொட்டியோட. “மச்சான், உங்க செட்டுக்குச் சேர்ற மாதிரியே கடைகடையா ஏறி எறங்கி வாங்குனனுங்க”ங்கறான். கார்ல பாத்தா அந்தச் செட்டே இல்ல. இப்பச் சொல்லுங்க, தப்பு யாரு மேல? செட்டு என்னன்னு கேட்டவன், எதுக்குக் கேக்கறன்னு சொல்லோணுமா, வேண்டாமா? அவன் கேட்டான், நாஞ் சொன்னன், அது வாஸ்தவம். அதுக்காகத் தாலி கட்டுனாப்ல காலம்பூரா அதையே வெச்சுக்கிட்டு இருக்கோணும்னு சட்டமுங்களா?

அந்தப் பொட்டியில இருந்து வர்ற ஒயரு நுனி உருண்டையா இருக்குதுங்க, உள்ள பொடிப்பொடியா ஊசி. என்ற புதுச் செட்டுக்குப் பின்னால இருக்கற ஓட்டையோ பட்டையா இருக்குது. எப்பிடிச் சேரும்? வேற வேற கம்பெனிக்காரன் பண்றது. வேணும்னேதான் அப்பிடிப் பண்ணுவானுகளாம், ஒருத்தன் பொருளு இன்னொருத்தன் பொருளோட பேசக் கூடாதுன்னு. நுனிய வெட்டிச் சேத்துனாக்கூட அது பேசற பாஷை இதுக்குப் புரியாதாம். என்ன கெட்ட புத்தி பாருங்க! ஒரே வண்டியில இருந்துக்கிட்டு, ஒண்ணுக்கொண்ணு பேசாம வீம்பு புடிச்சுக்கிட்டு. எனக்கு அந்த மாதிரி கொணமே ஆவாதுங்க.

அன்னிக்கு ஊட்ல கெடா விருந்து, அவன் வந்ததுக்காகத்தான். ஒறம்பரைச் சனமெல்லாம் காரச் சுத்தி நிக்குது. அவன் நெத்தி வேர்வையத் தொடச்சுக்கிட்டு, “பழச எங்கீங்க மச்சான் வெச்சிருக்கீங்க? அதையே மாட்டீரலாமுங்க”ன்னான். குடுத்துட்டு வந்துட்டன்னு சொன்னன். மொகஞ் சுருங்கிப் போச்சு. வேண்ணா நீ இந்தப் பொட்டியக் கொண்டு போயி மாத்திக்கிட்டு வான்னன். “மஸ்கட்டுக்குங்களா?”ன்னான். அத்தன பேரும் சிரிச்சுப்போட்டாங்க. என்னப் பாத்துங்க! என்ற ஊட்ல, என்ற கெடாக்கறியத் திங்க வந்தவிய!

அப்பறம் பந்தியில ஒக்காந்தம். அவன் எனக்கு எதுத்தாப்ல. நா சும்மா ஒரு வெளையாட்டுக்கு, “வெளிநாட்டுக்காரன் குப்பையில போட்டதையெல்லாம் பொறுக்கிக்கிட்டு வந்தா இப்பிடித்தான் சேராமப் போகும்”னன். வெளையாட்டுங்க. நாலு பேரு சிரிச்சாங்கன்னு நானுஞ் சிரிச்சன். அவன் எலைய மூடாம, பாதிச் சோத்துல எந்திரிச்சுட்டான். கை கூடக் கழுவல. எங்கூட்டுக்காரி தம்பி தம்பின்னு ரோடு வரைக்கும் ஓடறா. அவன் திரும்பியே பாக்காமப் போயிட்டான். விருந்துல எலைய உட்டு எந்திரிக்கறதுன்னா எவ்வளவு பெரிய அவமரியாதை! அன்னிக்கு எனக்குச் சோறே எறங்கல. கறி மட்டுந்தான் சாப்ட்டன்.

பொட்டி மட்டும் ஊட்லயே கெடந்துச்சு. எனக்கு ஒரு வைராக்கியம் வந்துருச்சுங்க. இந்தப் பொட்டிய அவன் ஒத்தாசையே இல்லாம, என்ற செட்டோட சேத்துப் பாட வெச்சுக் காட்டறன், அப்ப அவன் மூஞ்சிய எங்க வெச்சுக்குவான்? அப்பிடின்னு பொள்ளாச்சியில ஒரு எலெட்ரீசியன்கிட்டப் போனன். பெரிய கடை, வெளிய பத்து வண்டி நிக்குது. அவன் பாத்தவுடனே, “ஜுஜுபிங்க”ன்னான். செட்டத் தொடாம, பொட்டி ஒயர நேரா ஸ்பீக்கர் ஒயரோட சேத்தி, செவப்பச் செவப்போட முறுக்குனான், கறுப்பக் கறுப்போட முறுக்குனான். பாட்டும் வந்துச்சு. நானும் பெருமையாப் பொறப்பட்டன். பத்தடி போனதும் பாட்டு நின்னு போச்சு. பிரேக்க மிதிச்சன், பாடுச்சு. கால எடுத்தன், நின்னுருச்சு. டிக்கியில கைக்குக் கெடச்ச ஒயர்ல கரண்ட எடுத்திருக்கறான், அது பிரேக் லைட்டு ஒயரு. பிரேக்க மிதிச்சாத்தாங்க பாடும்! அன்னிக்குப் பல்லவி, அனுபல்லவி, சரணம்னு பொள்ளாச்சியில இருந்து பிரேக்க மிதிச்சு மிதிச்சு ஊடு வந்து சேந்தன். பின்னால வந்த லாரிக்காரன் என்ன திட்டுனான்னு உங்ககிட்டச் சொல்ல முடியாதுங்க.

என்ற புள்ள, சுபாஷினி, நாங்க அம்மிணின்னுதான் கூப்படறது, அவ அப்பவே சொன்னா. “அப்பா, அது ரெண்டும் நேரா எந்தக் காலத்துலயும் பேசாதுங்க. நடுவுல ஒரு சின்னப் பொட்டி வெக்கோணும், நா வெச்சுத் தாரன்”னா. காலேஜ்ல எலெக்ட்ரானிக்ஸ்தான் படிச்சவ. இருந்தாலும் பொட்டப்புள்ள படிச்ச படிப்புக்கும் கார் டிக்கிக்கும் என்னுங்க சம்பந்தம்? நீ போயி உங்கம்மாவுக்குத் தேங்கா திருவிக் குடும்மான்னு சொல்லிட்டன். அப்பறமும் ரெண்டு கடை ஏறி எறங்குனன். ஒருத்தன் கைய வெச்சதுல வைப்பரு நிக்கவே மாட்டீங்குது.

கடைசியில ஒரு நா மத்தியானம் நாந் தூங்கி எந்திரிச்சு வந்து பாக்கறன், கார்ல பாட்டுக் கேக்குது. அம்மிணி முன் சீட்டுல ஒக்காந்திருக்கறா, கையெல்லாம் கரி. வெச்சுட்டாங்க! அது எப்பிடி வேல செய்யுதுன்னா, டிக்கியில இருக்கற சேஞ்சரு பாடறது அந்தச் சின்னப் பொட்டிக்குப் போகுது. சின்னப் பொட்டி என்ன பண்ணுதுன்னா, அத வாங்கி, ரேடியோ ஸ்டேசனாட்டம் மாத்தி, ஏரியல் ஒயரு வழியா முன்னால அனுப்புது. செட்டுக்கு நெனப்பு என்னமோ, எங்கயோ ரேடியோ ஸ்டேசன்ல இருந்து பாட்டு வருதுன்னு. சேஞ்சருக்கு நெனப்பு, தனக்குச் சேந்த செட்டுக்கிட்டத்தான் பாடறம்னு. ரெண்டும் ஏமாந்து கெடக்குதுங்க! ஒண்ணு என்ன பேசுச்சுன்னு இன்னொண்ணுக்குத் தெரியாது, நடுவுல இருக்கறது என்ன சொல்லுதோ அதுதான். நா அன்னிக்கு வயிறு வலிக்கச் சிரிச்சன். அம்மிணி சிரிக்கல. “இது இல்லாட்டி அது ரெண்டும் என்னைக்கும் அப்பிடியேதான் இருக்குமுங்கப்பா”ன்னா. எதுக்கு அவ்வளவு வருத்தமாச் சொன்னான்னு தெரியல. வேல செஞ்ச அசதியா இருக்கும்.

அந்தச் சமயத்துலதான் அவளுக்குக் கண்ணாலம் கூடி வந்துச்சு. அங்கதானுங்க சிக்கலு. எங்க சனத்துல தாய்மாமன் வந்து பொண்ணுக்கு நெத்தியில பட்டங் கட்டோணும். அவன் கட்டாம மணவறையில போயி ஒக்கார முடியாது. அவளுக்கு இருக்கறது ஒரே மாமன். அந்த நாச்சிமுத்து மஸ்கட்ட முடிச்சுக்கிட்டு வந்து கோயமுத்தூர்லயே ஊடு கட்டி இருந்தான். மொத பத்திரிக்க தாய்மாமனுக்குத்தான் வெக்கோணும், புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருஞ் சோடியாப் போயி, வெத்தல பாக்கோட. நா முடியாதுன்னுட்டன். எலைய உட்டு எந்திரிச்சவன் வாசப்படிய நா மிதிக்க மாட்டன், அவன் வந்து தப்புன்னு சொல்லட்டும், அப்பப் பாக்கலாம்னன். எங்கூட்டுக்காரி சோறுந் திங்காம எந்நேரமும் அழுதுக்கிட்டுக் கெடந்தா. நா அசையல. மனுசன்னா ஒரு சொல்லு வேணுமுங்களே?

அம்மிணி அவங்கம்மாவக் கூட்டிக்கிட்டு அவளே போயிட்டு வந்தா. வந்தவ நேரா எங்கிட்ட வந்தா. “அப்பா, மாமா அழுதுட்டாருங்க. தப்பு எம்மேலதான், எதுக்குன்னு சொல்லாமச் செட்டு நெம்பரக் கேட்டது தப்பு, எலைய உட்டு எந்திரிச்சது அதவிடப் பெரிய தப்பு, மன்னிச்சுக்கச் சொல்லுன்னு சொன்னாருங்க. ஆனா உங்கப்பா நேர்ல வந்துட்டா நா கூச்சத்துலயே செத்துப் போயிருவன், அதனால நீங்க வந்ததே போதும்னுட்டாருங்க”ன்னா. பாத்தீங்களா? எதுக்குன்னு சொல்லாமக் கேட்டது தப்புன்னு, நா என்ன சொன்னனோ, அந்த வார்த்தைய அச்சு மாறாம அப்பிடியே சொல்லியிருக்கறான்! மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதுங்களே. நானும் எறங்கி வந்துட்டன். செரி, பெரிய மனசு பண்ணி மன்னிச்சுட்டன்னு சொல்லும்மான்னன். “சொல்லீர்றனுங்கப்பா”ன்னு அப்பவே ஃபோன எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டா.

கண்ணாலத்தன்னிக்கு அவன் வந்தான். மண்டபத்து வாசல்ல ரெண்டு பேரும் நேருக்கு நேரா நின்னம். நா பெருந்தன்மையா, “போனது போகட்டு மாப்ளே”ன்னன். அவனும் அதே நேரத்துல, “போனது போகட்டுங்க மச்சான்”னான். அவன் எதுக்குங்க அதச் சொல்லோணும்? மன்னிப்புக் கேட்டவன் அவன். எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னுதான் இருந்துச்சு. கேக்கலாம்னு வாயெடுத்தன், அதுக்குள்ள அம்மிணி, “மாமா, நேரமாச்சுங்க, வாங்க வாங்க”ன்னு அவன் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டா. அவன் பட்டங் கட்டறான், அவ தேம்பித் தேம்பி அழுகறா. பொறந்த ஊட்ட உட்டுப் போறமேன்னு அழுகறான்னு அல்லாருஞ் சொன்னாங்க. ஒரு கையில அவன் கையும் இன்னொரு கையில என்ற கையும் புடிச்சுக்கிட்டு உட மாட்டீங்கறா. அட பைத்தியக்காரப் புள்ளே, இங்க யாரு சண்டை போட்டுக்கிட்டு இருக்கறாங்க, எதுக்கு அழுகறேன்னன்.

அதுல இருந்து அவன் எம்மேல வெச்சிருக்கற மரியாதை இருக்குதே! தெனமும் எப்பிடி இருக்கறன்னு கேக்கறானாமுங்க. அம்மிணிதான் ஃபோன்ல சொல்லுவா. “அப்பா, மாமா உங்களக் கேட்டாருங்க. மாமா உங்க மூட்டு வலிக்கு எண்ண வாங்கி வெச்சிருக்கறாருங்க”ம்பா. தீவாளிக்கு அம்மிணிகிட்ட மைசூர்பாக்கு குடுத்து உட்டான். எனக்கு மைசூர்பாக்கு புடிக்கும்னு அம்மிணிக்குத்தான் தெரியும், அவனுக்கு எப்பிடித் தெரிஞ்சுதோ. நேராக் கூப்பட மாட்டான். கூச்சம், மரியாதை. ஒருக்கா ஒரு எழவு ஊட்ல பாத்துக்கிட்டப்ப மட்டும், “எளநி நல்லா இனிப்பா இருந்துச்சுங்க மச்சான்”னான். நா எப்ப எளநி அனுப்புனன்? அம்மிணிக்குத்தான மாசாமாசம் ஒரு கூடை போகும். தோப்புல நம்ம ஆளுக யாராச்சும் அனுப்பியிருப்பாங்கன்னு உட்டுட்டன்.

இப்பக் கொஞ்ச நாளாச் சேதி இல்லீங்க. அம்மிணிக்கு மாசம் ஆயிருச்சு. படுத்தே இருக்கோணும், யார்கிட்டயும் பேசி அலட்டிக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லி, சிங்காநல்லூரு ஆஸ்பத்திரியிலயே சேத்துட்டாங்க. எங்கூட்டுக்காரி அங்கதான் இருக்கறா. அவகிட்ட உந்தம்பி எப்பிடி இருக்கறான்னு கேட்டா, “நீங்களே கேளுங்க”ங்கறா. அம்மிணி பேசாம எனக்கு ஒரு பக்கங் காது அடச்சாப்ல இருக்குதுங்க. அதான், பொறுக்க முடியாமப் பொறப்பட்டுட்டன்.

செல்லு அடிக்குது. ஒரு நிமிசங்க, ஓரமா நிறுத்திக்கறன். கெணத்துக்கடவுதான வந்திருக்குது. அந்தப் பாட்டக் கொஞ்சங் கொறைங்க. நாச்சிமுத்துங்க! இவன் எதுக்கு நேராக் கூப்படறான்? கூப்படவே மாட்டானே.

ஹலோ. என்ன மாப்ளே, நீ கூப்படறே? புள்ளைக்கு என்ன? டேய், சுத்தி வளைக்காமச் சொல்றா, புள்ளைக்கு என்னடா? எப்ப? ரெண்டு பேரும்? அம்மிணி நல்லாருக்குதா? கண்ணு முழிச்சுட்டாளா? நீ பாத்தியா, நீ கண்ணால பாத்தியா?

பொண்ணுங்க. பொண்ணு பொறந்திருக்குதுங்க. ரெண்டு உசுரும் நல்லாருக்குதாம். கருப்பராய சாமி!

ம், சொல்லு. யாரு, அம்மிணியா? என்ன சொன்னா? ‘நா சொல்ல மாட்டன், நீங்களே அப்பாவுக்கு நேராக் கூப்ட்டுச் சொல்லுங்க மாமா’ன்னாளா? அவளா சொன்னா? செரி. செரி மாப்ளே. ம்.

ஃபோன வெக்க மாட்டீங்கறானுங்க. பேசவும் மாட்டீங்கறான். நா என்னத்தைங்க பேசறது இவன்கிட்ட?

மாப்ளே. உன்ற பொட்டி பாடுது. ஆமா, அந்தச் சேஞ்சருதான். நல்லாப் பாடுது. இத்தன நாளா உங்கிட்ட நா அதச் சொல்லவே இல்ல. என்னது? சொன்னனா? எப்பச் சொன்னன்? அம்மிணிகிட்டச் சொல்லியுட்டனா? மன்னிப்பா? நானா? குப்பைன்னு சொன்னது தப்புன்னு, வர்றதுக்குக் கூச்சமா இருக்குதுன்னு, நா எப்படா உங்கிட்ட...

ம்.

ம். இருக்கறன், இருக்கறன். லைன்லதான் இருக்கறன். ஆமா மாப்ளே. ஆமா. சொல்லியுட்டன். நாந்தான். நேர்ல சொல்றதுக்குக் கூச்சமாத்தான் இருந்துச்சு. இல்லடா, நெசமாத்தான் சொல்றன், அன்னிக்கு நா அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது. எளநியா? ஆமா, அதுவும் நாந்தான் அனுப்புனன். இன்னிக்குங் கொண்டாரன். நீ சாப்ட்டியா? எதுக்குச் சாப்படல? செரி, நா வந்தர்றன். ரெண்டு பேரும் ஒண்ணாச் சாப்டலாம். எல போட்டுத்தான்.

வெச்சுட்டான்.

என்னுங்க, சிரிக்கறீங்க? உங்களுக்கு முன்னாலயே தெரிஞ்சு போச்சுங்களா? எங்கீங்க தெரிஞ்சுது? எளநியிலயா? அதுக்கு முன்னாலயா? அடக் கெரகமே! கோமங்கலத்துல ஏறுனவிய, இவ்வளவு தூரம் வாயே தொறக்காம வந்தீங்களே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா? நா பேச உடலயா? அதுஞ் செரிதான்.

எங்கூட்டுக்காரிக்கும் தெரிஞ்சிருக்கும், கூடப் போனவதான அவ. எனக்கும் அவனுக்குந்தான் தெரியல. என்ற புள்ள, அந்த அழுக அழுதுச்சே மணவறையில! நா பைத்தியக்காரின்னு சொன்னனுங்களே! இந்தப் பக்கம் ஒரு பொய்யி, அந்தப் பக்கம் ஒரு பொய்யி, வாயும் வயிறுமா இருக்கறப்பவும் தெனமும் இதே சோலி. கொஞ்சம் இருங்க, மூஞ்சியத் தொடச்சுக்கறன்.

செரி, போலாம். கதவு நல்லாச் சாத்தியிருக்குதுங்களா? நாச்சிமுத்துகிட்ட இத ஒடைக்கக் கூடாதுங்க. நா மன்னிப்புக் கேட்டன்னே அவன் நெனச்சுக்கட்டும், இப்பக் கேட்டும் போட்டனே. ஆனா ஒண்ணுங்க. அவன் மன்னிப்புக் கேட்டதுன்னு பாத்தா, இன்னிக்கு வரைக்கும் அவன் எங்கிட்டக் கேக்கவே இல்லீங்களே! எதுக்குன்னு சொல்லாம ஒருத்தன் செட்டு நெம்பரக் கேக்கறது தப்பா இல்லயா? அத நா உட மாட்டன். இன்னிக்கு எலையில ஒக்காந்து, அவன்கிட்ட நேராவே கேட்டுப்போடறன்.